அண்ணாச்சி பதில்கள்: அஞ்சும் நாலும் இருபதில் கூடும்

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஜப்பான்காரப் பிள்ளைகள் மூன்று பேர், 'பெர்ஃப்யூம்' என்று ஒரு குழுவாம், அவர்கள் பாடிய 'கேம்' ஆல்பத்தைக் காலையில் எழுந்ததும் போட்டுவிடுகிறாள். ஒரு வார்த்தை புரியாமல் இவளுக்கு அதில் என்ன கிடைக்கிறது அண்ணாச்சி?
— ஒரு தாயார், அம்பாசமுத்திரம்

பதில்: கடிதம் வந்த அன்று ராத்திரியே பேரனிடம் சொல்லிப் போடச் சொன்னேன் தாயி. டவுனில் இருபது வருஷம் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தவன் நான். கல்யாண வீட்டுக்கு, கோயில் கொடைக்கு என்று எத்தனை கேசட் பதிந்து கொடுத்திருப்பேன்! வார்த்தை புரிந்து தலையாட்டியவர்களைவிட, புரியாமல் தலையாட்டியவர்கள்தான் அதிகம். தெலுங்குக் கீர்த்தனைக்கு நாம் அர்த்தம் கேட்டுக்கொண்டா உட்கார்ந்திருக்கிறோம்? பன்னிரண்டு பாட்டில் முதல் பாட்டையே மூன்று தடவை கேட்டேன். காரணம் அடுத்த கடிதத்துக்கான பதிலில் இருக்கிறது. பிள்ளையைத் திட்டாதீர்கள். சத்தத்தை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள், பரீட்சை வருகிறது.

கேள்வி: 'கேம்' ஆல்பத்தில் 'பாலிரிதம்' என்று ஒரு பாட்டு, பல தாளம் ஒரே நேரத்தில் ஓடுவது என்று அர்த்தமாம். பேரே தாளத்தைச் சொல்கிறதே, இது நம்மிடம் இல்லாத சங்கதியா?
— தவில் மாணவர், சங்கரன்கோவில்

பதில்: இல்லாமல் என்ன தம்பி! பாட்டுக்கு நடுவில் அந்த ஒரு சொல்லையே துண்டு துண்டாக வெட்டிச் சுற்றவிடுகிறார்கள். டிரம் பாட்டுக்கு நாலு நாலாக அடித்துக்கொண்டு போகிறது. மேலே குரல் அஞ்சஞ்சாக விழுகிறது, ஆறாறாகவும் ஒரு அடுக்கு வந்து சேர்கிறது. உங்கள் வாத்தியார் தாளத்தை நாலில் நிறுத்திக்கொண்டு 'தக தகிட, தக தகிட' என்று அஞ்சில் சொல்லிக்கொடுப்பாரே, அந்தக் கணக்குதான். அஞ்சும் நாலும் இருபதில் கூடும், ஆறையும் சேர்த்தால் அறுபது. நானும் தொடையில் தட்டிப் பார்த்தேன். மூன்றாம் சுற்றில் தவறவிட்டேன், பேரன் சிரித்தான்.

ஆனித் தேரோட்டத்தில் தவில் தனி கேட்கிறவர்கள் இந்தக் கணக்குக்குத்தான் வாயைப் பிளந்து நிற்கிறார்கள். யஸுதாகா நகாதா என்ற இசையமைப்பாளர் அதைத் துள்ளலான ஒரு பாப் பாட்டுக்குள் ஒளித்துவைத்தார் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. பிளாஸ்டிக் மறுசுழற்சி மாதிரியான சுற்றுச்சூழல் விஷயத்துக்காக 2007-இல் ஜப்பான் டிவியில் வந்த பொதுநல விளம்பரத்தில் ஒலித்த பாட்டு இது. கணக்குத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் முணுமுணுத்திருப்பார்கள்.

கேள்வி: கம்ப்யூட்டரில் போட்டுத் திருத்திய குரலைப் பாட்டு என்று சொல்லலாமா?
— கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: கொடையில் வில்லுப்பாட்டுக்காரர் பாட உட்கார்ந்ததும் மைக் செட்காரரிடம் முதலில் என்ன சொல்கிறார்? "எக்கோவைக் கொஞ்சம் கூட்டு" என்கிறார். யாராவது அது பாட்டில்லை என்று எழுந்து போனோமா? இந்தப் பிள்ளைகளின் குரலில் பிழையை மறைக்க இயந்திரத்தைத் தேடவில்லை. குரலையே ஒரு வாத்தியமாக்கியிருக்கிறார்கள், அது ஒரு ரசனை. ஆனால் ஒரு குறை உண்டு. மூன்று குரலும் ஒன்றாகக் குழைந்துபோனதால் எது யாருடையது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. ஆல்பத்தின் பின்பாதியில் காது சோர்ந்தது, நடுவில் எழுந்துபோய் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

கேள்வி: 'மேஜர் லேபிள்' என்கிறார்களே, அது என்ன?
— வாசகர், வள்ளியூர்

பதில்: பெரிய இசைத்தட்டுக் கம்பெனி. இவர்கள் கதையைச் சொன்னால் விளங்கிவிடும். 2000-இல் ஹிரோஷிமாவில் பாட்டும் ஆட்டமும் சொல்லிக்கொடுக்கும் ஒரு பள்ளியில் குழுவாகச் சேர்ந்த சிறுமிகள், பதினொரு வயசு. தலைநகர் அல்ல, நம்மைப்போல வெளியூர். முதல் தட்டு 2002-இல் உள்ளூர் அளவில் வந்தது. 2003-இல் டோக்கியோவுக்குப் போனார்கள். அங்கேயும் சின்ன வெளியீடுதான், அகிஹபாரா என்ற எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியில் நின்று ஆடினார்கள். 2005-இல்தான் டோகுமா ஜப்பான் என்ற பெரிய கம்பெனி அவர்களை எடுத்துக்கொண்டது. எடுத்ததும் யோகம் அடித்துவிடவில்லை, விளம்பரப் பாட்டு வந்த பிறகுதான் ஊர் திரும்பிப் பார்த்தது. 2008 ஏப்ரல் 16-இல் 'கேம்' வெளியானது. பழைய பாட்டுகளைத் தொகுத்த தட்டு ஒன்று 2006-இலேயே வந்திருந்தாலும், முறையான முதல் ஆல்பம் இதுதான். ஜப்பானில் இசைத்தட்டு விற்பனையைக் கணக்கிடும் ஓரிகான் வாரப் பட்டியலில் நேரே முதலிடம். எலக்ட்ரானிக் பாப் பாடுகிறவர்களின் ஆல்பம் அந்த இடத்துக்கு வந்தது 1983-இல் யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா என்ற ஜப்பான் குழுவுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

பதினொரு வயசில் தொடங்கியவர்களுக்கு அப்போது பத்தொன்பது. நம் பக்கத்தில் சென்னைக்கு வாய்ப்புத் தேடிப் போன பையன் எட்டு வருஷம் ஊருக்குத் திரும்பாமல் இருந்தால், மூன்றாம் வருஷமே "கடை வைத்துத் தாரேன், வந்துருலே" என்று அப்பா போன் போட்டிருப்பார்.

கேள்வி: குழுவுக்கு ஏன் வாசனைத் திரவியத்தின் பெயர்?
— வாசகி, தென்காசி

பதில்: முதலில் சேர்ந்த மூன்று பேர் பெயரிலும் 'வாசனை' என்று பொருள்படும் எழுத்து இருந்ததாம். அப்புறம் ஒரு பெண் விலகினாள். அவளுக்குப் பதில் வந்தவள் பெயரில் அந்த எழுத்து கிடையாது. குழுவின் பெயர் மட்டும் மாறவில்லை. சரி, நம் இருட்டுக்கடையில் பல்பு எரிவதில்லையா என்ன?