கேளுங்கள் சிஸ்டர்: மாப்பு பிடிப்பவரிடம் கேட்டீர்களா?

கேள்வி: வணக்கம் சிஸ்டர். பினாங்கில் ஒரு மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் தாதியாக இருக்கிறேன். போன வருடம் தொற்றுத் தடுப்புப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகள் எங்கள் வார்டில் அடிக்கடி தலைகாட்டுகின்றன. சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டினேன், வகுப்பு எடுத்தேன், கை கழுவாதவர்களைக் குறித்து வைத்தேன். இப்போது என்னைக் கண்டாலே பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். என்ன செய்வது?
– ஒரு தாதி, ஜெலுத்தோங்

பதில்: நானும் அதே நோட்டுப் புத்தகத்தோடு அலைந்தவள்தான், தங்கச்சி. யார் கை கழுவவில்லை என்று கோடு போட்டு, மாதக் கூட்டத்தில் வாசித்தேன். நோட்டோடு நான் நிற்கும் வரை எல்லாரும் கழுவினார்கள். நான் போனதும் பழைய கதைதான்.

என் கண்ணைத் திறந்தவர் துப்புரவு வேலை பார்த்த ஓர் அக்கா. தினமும் பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறி வருவார். அந்தச் சமயம் எங்கள் நோயாளி ஒருவருக்கு கார்பாபெனெம் மருந்துக்கும் அடங்காத கிளெப்சியல்லா கிருமி வந்து, இரண்டே வாரத்தில் பக்கத்துக் கட்டில்களுக்கும் போய்விட்டது. மற்ற ஆன்டிபயாடிக் எல்லாம் கைவிட்ட பிறகு டாக்டர்கள் எடுக்கும் மருந்து கார்பாபெனெம். அதுவும் கேட்காவிட்டால், மிச்சம் இருக்கும் மருந்துகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். நாங்கள் கூட்டம் போட்டோம், சுற்றறிக்கை அனுப்பினோம். பரவல் நிற்கவில்லை.

ஒரு நாள் பேன்ட்ரியில் அந்த அக்காவோடு உட்கார்ந்து, “இந்தக் கிருமி எப்படிப் போகுதுன்னு நீங்க நினைக்கிறீங்க?” என்று கேட்டேன். பன்னிரண்டு வருட வேலையில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதே இல்லையாம். கையிலிருந்த கப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கோவிச்சுக்காதீங்க மிஸி. உடம்பு தொடைச்ச தண்ணிய கை கழுவுற சிங்க்குலதான ஊத்துறீங்க? அழுக்குத் தண்ணி ஊத்துற ஸ்லூஸ் ரூமுக்குப் போக ரெண்டு கதவு. கையில தண்ணிப் பாத்திரத்த வச்சிக்கிட்டு யாரு தொறக்கறது? அந்த சிங்க் பக்கத்துலயே ஊசி ட்ரேய வேற வைக்கிறீங்க. பைப்ப தொறந்தா தண்ணி தெறிச்சு ட்ரே நனையுது. நான்தான் தெனம் தொடைக்கிறேன்.”

போய்ப் பார்த்தேன். ட்ரேயின் ஓரத்தில் துளிகள் காய்ந்த வெள்ளை வட்டங்கள் வரிசையாக இருந்தன. இந்த வகைக் கிருமி சிங்க்கின் வடிகுழாய்க்குள் வழவழவென்று படலம் கட்டி மாதக்கணக்கில் தங்கும். பைப் தண்ணீர் நேராக வடிகால் மேல் விழுந்தால் துளிகளோடு வெளியே தெறிக்கும். பாடத்தில் நான் படித்ததுதான். ஆனால் என் வார்டில் எந்த சிங்க் என்பது அந்த அக்காவுக்குத்தான் தெரிந்திருந்தது.

ட்ரேயை வேறு மேசைக்கு மாற்றினோம். ஸ்லூஸ் ரூம் கதவுகளை முழங்கையால் தள்ளித் திறக்கும்படி செய்து வாங்கினோம். சிங்க்குக்கு மேலே ‘கை மட்டும்’ என்று தமிழிலும் மலாயிலும் அக்காவே எழுதி ஒட்டினார். அதன்பின் அந்த வரிசையில் புதிதாக யாருக்கும் வரவில்லை. இந்த மாற்றங்களால் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். நோயாளிகளைத் தனிமைப்படுத்துவதையும் அதே மாதம் இறுக்கினோம்.

பிற்பாடுதான் இதற்கு ஒரு முறையே இருக்கிறது என்று அறிந்தேன். 1990-இல் ‘சேவ் த சில்ட்ரன்’ என்ற குழந்தைகள் நல அமைப்புக்காக வியட்நாமுக்குப் போன ஜெர்ரி, மோனிக் ஸ்டெர்னின் தம்பதி, பரம ஏழைக் குடும்பங்களிலும் சில பிள்ளைகள் மட்டும் நன்றாக வளர்வது ஏன் என்று தேடினார்கள். அந்தத் தாய்மார் வயலில் பிடித்த பொடி இறாலையும் நண்டையும் சர்க்கரைவள்ளிக் கீரையையும் சோற்றில் சேர்த்துக் கொடுத்தார்கள். விடை அந்த ஊருக்குள்ளேயே இருந்தது. இதே வழியைப் பின்னாளில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற, மருந்துக்கு அடங்காத இன்னொரு கிருமியைத் தடுக்க அமெரிக்க மருத்துவமனைகள் எடுத்துக்கொண்டன. பிலடெல்பியாவின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவ மையத்தில், நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகும் ஊழியர் ஒருவர், கழற்றிய பாதுகாப்பு கவுனைப் பந்து போலச் சுருட்டி, கையுறையை உருவும்போதே அதற்குள் அடக்கிவிடுவார். கவுன்கள் குப்பைத் தொட்டியில் நிரம்பி வழியாமல் இருக்க அவராகவே கண்டுபிடித்த வழி. அவர் பெயரிலேயே மற்றவர்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஆகவே நோட்டை மேசைக்குள் வைத்துவிடுங்கள். ஒரு தாதி, ஓர் அட்டெண்டன், ஒரு கிளீனர், சாப்பாடு கொண்டு வருபவர் என்று நாலைந்து பேரை வார்டிலேயே ஓரமாகக் கூட்டி, இருபது நிமிடம் பேச விடுங்கள். “உங்க கையில கிருமி ஒட்டாம இருக்க நீங்க என்ன பண்றீங்க? எது தடுக்குது?” இந்த இரண்டு கேள்வி போதும். நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அதுதான் கஷ்டம், எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவர்கள் சொன்னதில் ஒன்றையாவது அதே வாரம் செய்து காட்டுங்கள். சொன்னது காற்றோடு போனால் அடுத்த தடவை வாய் திறக்க மாட்டார்கள். இரவு ஷிப்டை மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. அரசு மருத்துவமனைகளில் 1997 முதல் துப்புரவு வேலை தனியார் நிறுவனங்களின் கையில் இருக்கிறது. கிளீனர்களுக்கு மேலாளர் வேறு, சம்பளம் கொடுப்பவர் வேறு. வார்டுக் கூட்டத்துக்கு அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. நீங்கள் இருப்பது தனியார் மருத்துவமனையானாலும் நிலைமை பெரும்பாலும் இதுதான். அவர்களுடைய சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே நீங்களே போய் அனுமதி கேளுங்கள். பேசியதற்காக அவர்கள் ஏச்சு வாங்கக் கூடாது.

கேள்வி: அப்பா வார்டில் இருக்கிறார். டாக்டரைக் கை கழுவச் சொன்னால் தப்பாக நினைப்பாரா?
– ஒரு மகன், பாயான் லெப்பாஸ்

பதில்: தாராளமாகக் கேளுங்கள் தம்பி. “டாக்டர், கை சுத்தம் பண்ணிட்டீங்களா?” என்று மரியாதையாகக் கேட்டால் நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். உங்கள் கையையும் பாருங்கள். கட்டில் கம்பி, திரைச்சீலை, போன் எல்லாம் தொட்ட கைதான் அது. கையில் தேய்க்கும் ஆல்கஹால் மருந்தை 20 முதல் 30 விநாடி விரல் இடுக்கு வரை தேய்க்க வேண்டும். அப்பாவுக்கு ஆன்டிபயாடிக்கால் வயிற்றுப்போக்கு வந்திருந்தால் சோப்பும் தண்ணீரும்தான்; சில கிருமிகள் கெட்டியான உறை போட்டு வித்தாக (ஸ்போர்) இருக்கும், அதை ஆல்கஹால் கொல்லாது. பக்கத்துக் கட்டில் பெரியவருக்கு மைலோ கலக்கிக் கொடுக்கும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. அதை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொடுத்துவிட்டு, அப்பாவைத் தொடுவதற்கு முன் மறுபடி கையைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.