உலகில் பசிக்கும் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கும் மக்கள் தொகைதான் காரணமா? இரண்டு குழந்தைச் சட்டம் வந்தால் சரியாகிவிடுமா?

இரண்டுக்கும் என் பதில் இல்லை என்பதுதான். சட்டத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சோற்றுக் கணக்கு.

உலகில் ஒரு வருடத்தில் விளையும் தானியம் சுமார் 280 கோடி டன். 2022 நவம்பரில் மக்கள் தொகை 800 கோடியைத் தொட்டது. வகுத்துப் பாருங்கள், தலைக்கு 350 கிலோ வரும். கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தினமும் கிட்டத்தட்ட ஒரு கிலோ. காய்கறி, கிழங்கு, மீன் எல்லாம் இதில் சேரவில்லை. அப்படியும் 70 கோடிப் பேர் அளவில் அரைவயிற்றோடு படுக்கிறார்கள். காரணம், விளைந்த தானியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கால்நடைத் தீவனமாகிறது. அமெரிக்காவில் விளையும் மக்காச்சோளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எத்தனால் என்ற எரிபொருளாகி வண்டிகளுக்குப் போகிறது. போதாததற்கு, 2022-ல் வீடு, ஓட்டல், கடைகளில் மட்டும் 105 கோடி டன் உணவு குப்பைக்குப் போனதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது.

தானியம் இருக்கும்போதே மனிதர்கள் பசியால் சாவது எப்படி என்று கேட்டால், சென்னையில் அதற்குச் சாட்சி இருக்கிறது. மயிலாப்பூர் பக்கம் பறக்கும் ரயிலில் போகிறவர்கள் கீழே பக்கிங்காம் கால்வாயைப் பார்த்திருப்பீர்கள். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அந்தப் பகுதியை வெட்டியவர்கள் தாது வருஷப் பஞ்சத்தில் பிழைக்க வழியில்லாமல் வந்த ஜனங்கள். அந்தப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை நடந்தது. அன்றைக்கு உலக மக்கள் தொகை 150 கோடியைக்கூட எட்டவில்லை, இன்றைய அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே.

மழை பொய்த்தது உண்மைதான். ஆனால் ரயில் இருந்தது, கப்பல் இருந்தது, சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் குவிந்தும் கிடந்தன. விலைதான் கூலிக்காரர் கைக்கு எட்டவில்லை. வியாபாரத்தில் அரசு தலையிடக் கூடாது என்று வைஸ்ராய் லிட்டன் பிடிவாதமாக இருந்தார். இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை ஏற்றுமதியும் நிற்கவில்லை. நிவாரண வேலைக்கான கூலியை ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரை கிலோகூட இல்லை. மண் வெட்டிச் சுமக்கிற ஆளுக்கு அது எப்படிப் போதும்? அந்தப் பஞ்சத்தில் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. "ஜனங்கள் அதிகம், அதனால் சாவு" என்று அன்றைக்கும் சிலர் சொன்னார்கள்.

2019 கோடையையும் சொல்ல வேண்டும். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவில் அடுக்குமாடி வீடுகளுக்குத் தனியார் லாரி வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும். பின்சந்தில் பெண்கள் பொது லாரிக்காக ராத்திரியெல்லாம் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருப்பார்கள். தலைகளின் எண்ணிக்கை சந்தில்தான் அதிகம், தண்ணீர்ச் செலவு மாடியில்தான் அதிகம். அதற்கு நான்கே வருடம் முன்னால், 2015 டிசம்பரில், இதே ஊர் வெள்ளத்தில் மிதந்தது. தண்ணீரைத் தேக்க வேண்டிய பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைக் குப்பை மேடாகவும் கட்டடங்களாகவும் மாற்றிவிட்டு, ஜனத்தொகையைக் குறை சொல்வது நியாயமில்லை.

எண்ணிக்கை ஒரு பொருட்டே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒரே ஊரில் ஆட்கள் கூடினால் நிலத்தடி நீரும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் திணறத்தான் செய்யும். ஆனால் உலக அளவில் பார்த்தால், ஒரு அமெரிக்கர் வெளியிடும் கரியமில வாயு ஆண்டுக்குச் சுமார் 14 டன், ஒரு இந்தியருடையது 2 டன். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகள் பிறக்கும் நைஜர் என்ற ஆப்பிரிக்க நாட்டில் தலைக்கு 0.1 டன் அளவுதான். பூமியைச் சூடாக்குவது யார் என்று இதிலேயே தெரிகிறது.

சரி, இரண்டு குழந்தைச் சட்டம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். மக்கள் தொகை கூடாமல் குறையாமல் இருக்கத் தேவை 2.1. இந்திய சராசரியே 2.0-க்கு வந்துவிட்டது. இத்தனைக்கும் தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. சத்துணவுக்காகவாவது பெண் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள், கல்யாண வயது தள்ளிப்போனது, கிராம சுகாதார செவிலியர்கள் வீடு வீடாகப் போனார்கள், தடுப்பூசியால் பிறந்த குழந்தைகள் பிழைத்தன. பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்ததும் அம்மாக்கள் இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். 1976-ல் நெருக்கடி நிலையின்போது வட மாநிலங்களில் ஆண்களைப் பிடித்துப் போய்க் கருத்தடை செய்ததன் விளைவு, குடும்பக் கட்டுப்பாடு என்றாலே ஜனங்கள் மிரண்டார்கள். இப்போது தமிழ்நாட்டின் கவலையே வேறு: குழந்தைகளைக் குறைத்துக்கொண்டதற்காக, மக்கள் தொகைப்படி தொகுதிகளைத் திரும்பப் பிரிக்கும் மறுவரையறையில் நாடாளுமன்ற இடங்களை இழக்க வேண்டிவருமோ என்பது.