வாரம் முழுக்க நிற்கும் பைக்: மலைக் குளிரில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி: குன்னூரில் வீடு, கோவையில் வேலை. சனி, ஞாயிறு மட்டும்தான் ஊருக்கு வருவேன். 2018 மாடல் கார்புரேட்டர் பைக் வைத்திருக்கிறேன். பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று அப்பா தினமும் காலையில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறார். பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடியும் வைக்கிறோம். அப்படியும் மார்கழி வந்தால் செல்ஃப் எடுப்பதில்லை, செயினில் துருவும் ஏறிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த ஐந்து நிமிட ஸ்டார்ட்டை நிறுத்தச் சொல்லுங்கள். அப்பா அக்கறையில்தான் செய்கிறார், ஆனால் பேட்டரியை இறக்குவதே அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். செல்ஃப் மோட்டார் ஒவ்வொரு முறையும் நிறைய கரண்ட் இழுக்கும். இழுத்ததைத் திரும்ப ஏற்ற வேண்டுமென்றால் இன்ஜின் கொஞ்சம் வேகமாகச் சுற்ற வேண்டும்; ஐட்லிங்கில் ஏறுவது சொற்பம். 2017 ஏப்ரல் முதல் விற்கும் வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட்டும் எரிவதால் அந்தச் சொற்பத்திலும் பங்கு போய்விடுகிறது. போதாததற்கு, குளிரில் பேட்டரியின் திறன் குறையும், ஆயிலும் கெட்டியாகும்.

இன்னொரு கேடு கண்ணுக்குத் தெரியாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். இன்ஜின் நன்றாகச் சூடானால் அது புகையோடு போய்விடும். ஐந்து நிமிடத்தில் அணைத்தால் சைலன்சருக்குள் தங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும், கொஞ்சம் ஆயிலிலும் கலக்கும். ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பால் காபி நிறத்தில் நுரை ஒட்டியிருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. நுரை மூடியில் மட்டும் என்றால் நாலைந்து நல்ல ஓட்டத்தில் போய்விடும். ஆயிலே கலங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஆகவே வாரத்துக்கு ஒரு முறை ஓட்டினால் போதும், ஆனால் ஒழுங்காக ஓட்ட வேண்டும். சனிக்கிழமை ஊட்டிக்கோ கோத்தகிரிக்கோ போய்த் திரும்புங்கள். பேட்டரிக்கும் ஆயிலுக்கும் சைலன்சருக்கும் அந்த ஒரு ஓட்டமே மருந்து. நீங்கள் வராத வாரங்களில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிடலாம்.

துருவுக்குக் காரணம் குளிரைவிட ஈரம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையும் அதன்பின் வரும் பனியும் குன்னூரில் எதையும் காயவிடாது. பிளாஸ்டிக் ஷீட் அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். அதைத் தூக்கிப் போடுங்கள். கூரைக்கடியில் நிறுத்த முடிந்தால் பழைய பெட்ஷீட்டே போதும். வெளியில்தான் நிற்கும் என்றால் காற்று போய்வரும் துணிக் கவர் வாங்குங்கள். ஈரத்தோடு மட்டும் மூடாதீர்கள்.

செயினை மண்ணெண்ணெயில் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் செயின் ஸ்பிரேயோ 90 கியர் ஆயிலோ விடுங்கள். இதை ஓட்டிவிட்டு வந்து, செயின் சூடாக இருக்கும்போது, இன்ஜினை அணைத்துவிட்டுச் செய்வது நல்லது. வீலைக் கையால் மட்டும் சுற்றுங்கள். இன்ஜின் ஓடும்போது துணியோடு செயின் பக்கம் போய் விரலை இழந்தவர்கள் உண்டு.

இப்போது கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். ஞாயிறு மாலை டேங்கை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பி, பெட்ரோல் டேப்பை மூடிவிட்டுப் போங்கள். மூன்று நான்கு வாரம் வர மாட்டீர்கள் என்றால் கார்புரேட்டரின் அடியில் உள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்து மிச்ச பெட்ரோலை வடித்துவிடலாம்.

காலையில் எடுக்கும்போது சோக்கை முழுதாக இழுத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிக்கர் அடியுங்கள். செல்ஃப்தான் போட வேண்டுமென்றால் ஐந்து விநாடிக்கு மேல் அழுத்தாதீர்கள். பத்துப் பதினைந்து விநாடி விட்டு மறுபடி முயலுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஒரு நிமிடம் விட்டு, மெதுவாகக் கிளம்பி, சோக்கைப் படிப்படியாகத் தள்ளுங்கள்.

டயர் காற்றையும் கிளம்பும் முன்பே பாருங்கள். வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ இறங்கும்.

இத்தனையும் செய்து செல்ஃப் எடுக்கவில்லை என்றால் பேட்டரியைக் கடையில் முழுதாக சார்ஜ் ஏற்றி, ஓர் இரவு விட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் நல்லது. 12.4-க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. புதிதை மாட்டியபின் இன்ஜினைக் கொஞ்சம் ரெய்ஸ் செய்து மறுபடி பாருங்கள். 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். வராவிட்டால் கோளாறு சார்ஜிங்கில் இருக்கிறது. ரெக்டிஃபயரையும் காயிலையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.