எதைப் பொறுத்துக்கொள்வீர்கள்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

1974 முதல் தெற்கே கிரேக்கர், வடக்கே துருக்கியர் என்று பிரிந்து கிடக்கும் சைப்ரஸ் தீவின் வடபகுதியில் 2025 அக்டோபரில் நடந்த தேர்தலில், இரண்டு பக்கமும் ஒரே நாட்டுக்குள் சேரும் கூட்டாட்சியை ஆதரிக்கும் துஃபான் எர்ஹுர்மான் வென்றிருக்கிறார். மறுபடியும் இணைப்புப் பேச்சு என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. 2004-ல் தீவை இணைக்க ஐ.நா. வகுத்த திட்டத்துக்குத் துருக்கிய சைப்ரஸ்காரர்களில் 65% பேர் சரி என்றார்கள். கிரேக்க சைப்ரஸ்காரர்களில் 76% பேர் வேண்டாம் என்றார்கள். வாசலுக்கு வந்த சமாதானத்தைத் துரத்தியவர்களுக்கு அதைப் பெறத் தகுதி உண்டா? பேசாமல் இரண்டு நாடுகளாகவே விட்டுவிடலாமே? இலங்கைக்கு இதில் பாடம் இருக்கிறதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

போன மாதம் ஊரில் எங்கள் பழைய வீட்டின் முற்றத்துச் சுவர்க் கதவைக் கழற்றினோம். அது முதல் மனம் அந்தக் கதவையே சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

இலங்கையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். எந்தத் தீவைப் பார்த்தாலும் இலங்கையைத் தேடுகிற பழக்கம் நமக்கு இருக்கிறது. அப்படிப் பார்த்தால் இரண்டு தீவுமே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

'தகுதி' என்று எழுதும்போது உங்கள் கை கூசியிருக்க வேண்டும். 1974-ல் துருக்கி ராணுவம் இறங்கியபோது வடக்கிலிருந்து 1,50,000-க்கும் மேற்பட்ட கிரேக்க சைப்ரஸ்காரர்கள் வீடு வாசலை விட்டுத் தெற்கே ஓடினார்கள். அவர்களிடம் திட்டத்தின் இறுதி வடிவம் வந்து சேர்ந்தது 2004 மார்ச் 31-ஆம் தேதி. வாக்கெடுப்பு ஏப்ரல் 24. பின்னிணைப்பாக வந்த சட்டங்களையும் சேர்த்தால் ஆயிரக்கணக்கான பக்கங்கள். நடுவில் அவர்களுடைய ஜனாதிபதி பாபடோபூலோஸே தொலைக்காட்சியில் கண்கலங்க 'வேண்டாம் என்று சொல்லுங்கள்' என்று கேட்டுக்கொண்டார். வேண்டாம் என்றாலும் மே 1-ஆம் தேதி ஐரோப்பிய ஒன்றியத்தில் இடம் உறுதி. அந்தக் கணக்கும் அவர்கள் மனத்தில் ஓடியிருக்கும், நான் மறைக்கவில்லை. ஆனால் 1968-லிருந்து மூடிய அறைக்குள் தலைவர்கள் பேசிக்கொண்டிருந்த விஷயத்தில் ஜனங்களிடம் நேரடியாகக் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் ஆமாவா இல்லையா என்று. அந்த ஒரு நாள் பதிலை வைத்து ஒரு ஜனத்தின் மனசையே எடை போடுகிறீர்கள்!

எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தார்கள். முற்றத்தின் நடுவில் சுவர் எழும்பியது. கிணறு பெரியப்பா பக்கம் போனது. தண்ணீருக்கு வழி விடச் சுவரில் ஒரு கதவு வைப்பது என்று முடிவு. பெரியவர்கள் மூன்று தடவை கூடி அம்மாவிடம் 'ஒத்துக்கிறியா?' என்று கேட்டார்கள். மூன்று தடவையும் அம்மா முடியாது என்றுவிட்டாள். வீம்பு பிடித்தவள் என்று ஊரில் பேச்சு.

நாலாவது தடவை அப்பாவின் தாய்மாமா தனியாக வந்தார். அம்மா திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தார். "ஒத்துக்கிறதெல்லாம் அப்புறம் இருக்கட்டும்மா. எதெல்லாம் உன்னால பொறுத்துக்க முடியும், அதைச் சொல்லு."

அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். தண்ணீர் எடுக்கப் போகும்போது பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டால் பொறுத்துக்கொள்வாள். வழியில் மாட்டைக் கட்டினாலும் சரி. அப்புறம் கீரையைக் கீழே வைத்துவிட்டாள். "கதவுக்குப் பூட்டுப் போட்டு சாவியை அவங்க வச்சுக்கறதா எழுதியிருக்கே மாமா. ராத்திரி புள்ளைக்குத் தண்ணி வேணும்னா நான் யாரை எழுப்புவேன்?"

அதுவரை யாரும் பூட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டதெல்லாம் ஒத்துக்கிறியா, ஒத்துக்கிறியா என்றுதான்.

இந்தக் கேள்வியை ஒரு முறையாகவே ஆக்கியவர்கள் இருக்கிறார்கள். வட அயர்லாந்தில் 1996 முதல் காலின் இர்வின் நடத்திய கருத்துக்கணிப்புகளைத் தேடிப் படியுங்கள். பேச்சில் உட்கார்ந்திருந்த கட்சிகளையே சேர்த்துக்கொண்டு கேள்விகளைத் தயாரித்தார். ஆமா, இல்லை என்று இரண்டு பதில் கிடையாது. இது கட்டாயம் வேண்டும், இருந்தால் நல்லது, ஏற்கலாம், பொறுத்துக்கொள்ளலாம், முடியவே முடியாது என்று ஐந்து. அந்த நாலாவது பதில்தான் எனக்கு முக்கியம். அங்கே பல வருஷச் சண்டையை முடித்த 1998 சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே எதை ஜனங்கள் தாங்குவார்கள், எது உடையும் என்று பேசுகிறவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த மே மாத வாக்கெடுப்பில் அங்கே 71% பேர் சரி என்றார்கள்.

சைப்ரஸிலும் லோர்தோஸ் என்ற கிரேக்க சைப்ரஸ்காரரும் கய்மாக் என்ற துருக்கிய சைப்ரஸ்காரரும் சேர்ந்து இரண்டு பக்கமும் இப்படிக் கேட்டார்கள். தெற்கே முதல் விருப்பம் ஒரே நாடு. வடக்கே முதல் விருப்பம் இரண்டு நாடு. ஒருவருடைய முதல் விருப்பம் மற்றவரால் தாங்கவே முடியாதது. கூட்டாட்சி யாருக்கும் முதல் விருப்பம் இல்லை, ஆனால் இரண்டு பக்கமும் பொறுத்துக்கொள்ளக் கூடியதாக இருந்தது அதுதான். உங்கள் இரண்டு நாடு யோசனைக்கு இதற்கு மேல் நான் பதில் சொல்லப் போவதில்லை.

அங்கே பூட்டு எது தெரியுமா? 1960-ல் விடுதலை வந்தபோதே பிரிட்டன், கிரீஸ், துருக்கி மூன்றும் தீவின் சுதந்திரத்துக்கும் அரசியலமைப்புக்கும் உத்தரவாத நாடுகள் என்று எழுதிக்கொண்டார்கள். அந்த உடன்படிக்கையைக் காட்டித்தான் துருக்கி 1974-ல் படையை இறக்கியது. 2004 திட்டத்திலும் உத்தரவாதம் அப்படியே இருந்தது, கொஞ்சம் துருக்கிப் படையும் இருந்தது. வீட்டை இழந்து முப்பது வருஷம் காத்திருந்தவளிடம், சாவி அவர்களிடமே இருக்கட்டும் என்றால் அவள் என்ன சொல்வாள்?

சரி, வடக்கே இருப்பவளையும் கேளுங்கள். 1963 டிசம்பர் கலவரத்துக்குப் பிறகு 25,000 துருக்கிய சைப்ரஸ்காரர்கள் ஊரை விட்டு ஓடி, தீவில் அங்கங்கே சின்னச் சின்ன வளாகங்களுக்குள் வருஷக்கணக்கில் அடைந்து கிடந்தார்கள். அவளுக்கு அந்தச் சாவி வெளியே யாரிடமாவது இருந்தால்தான் தூக்கம் வரும். 2017 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் க்ரான்ஸ் மொன்டானாவில் அப்போதைய தெற்குத் தலைவர் அனஸ்தாசியாதிஸும் வடக்குத் தலைவர் அகிஞ்சியும் அத்தனை நெருங்கி வந்தும் பேச்சு உடைந்ததில் இந்த உத்தரவாதத்துக்கும் படைக்கும் பெரிய பங்கு உண்டு.

இப்போது தெற்கே கிறிஸ்டோடூலிதிஸ், வடக்கே எர்ஹுர்மான். இருவரும் தாளில் எதையும் எழுதி முடிப்பதற்கு முன்பே யாராவது இரண்டு பக்கத்துத் திண்ணையிலும் போய் உட்கார வேண்டும்.

எங்கள் கதவுக்குக் கடைசியில் பூட்டு போடவில்லை. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு நாதாங்கி வைத்தார்கள். பெரியம்மா அம்மாவிடம் பேச இன்னும் ஆறு வருஷம் ஆனது. அந்த ஆறு வருஷமும் அம்மா கிணற்றில் தண்ணீர் எடுத்தாள். போன மாதம் கதவைக் கழற்றியபோது அந்த இரண்டு நாதாங்கிகளையும் எடுத்து வைத்திருக்கிறேன். ஊர்ப்பக்கம் வந்தால் காட்டுகிறேன்.