கேரவனை இழுக்க யாரிடம் கொடுப்பது?

கேள்வி: என் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து எங்கள் கேரவன் (காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் வீட்டு வண்டி) நிறுத்திய இடத்திலேயே நிற்கிறது. அதை இழுத்த காரை விற்றுவிட்டேன், எனக்கு இழுத்து ஓட்டிப் பழக்கமும் இல்லை. 300 கிலோமீட்டர் தள்ளி, மகள் வீட்டுக்குப் பக்கத்தில் கேரவன்களை நிறுத்தும் ஒரு முகாமில் அதை நிரந்தரமாக நிறுத்த நினைக்கிறேன். என் கொழுந்தன் தன் எஸ்.யூ.வி.யில் இழுத்துத் தருகிறேன் என்கிறார், ஆனால் இதுவரை கேரவன் இழுத்ததில்லை. விளம்பரத்தில் பார்த்த ஒருவர் குறைந்த கூலிக்கு வருகிறேன் என்கிறார், முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கிறார். கணவரின் டூல்பாக்ஸும் புத்தகங்களும் பின்பக்க அலமாரியில் அவர் வைத்தபடியே இருக்கின்றன, எடுக்க மனம் வரவில்லை. யாரிடம் கொடுக்கட்டும்?

பதில்: முதலில் அந்த விளம்பரக்காரரை விட்டுவிடுங்கள். வண்டி எத்தனை கிலோ, டயர் எப்படி இருக்கிறது, கடைசியாக எப்போது ஓடியது என்று எதையும் கேட்காமல் கூலியை மட்டும் சொல்லி முழுப் பணத்தையும் கேட்பவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பீர்களா? கேரவனும் ஒரு வீடுதான், அதற்குச் சக்கரம் இருப்பதால் ஒரே இரவில் காணாமல் போகவும் செய்யும்.

கொழுந்தன் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனாலும் அவர் இழுக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. இரண்டு வருடம் அசையாமல் நின்ற வண்டி, முதல் தடவையாக இழுப்பவர், 300 கிலோமீட்டர்: இந்த மூன்றும் ஒரே நாளில் சேரக் கூடாது. தொழிலாக இதைச் செய்பவரிடம் கொடுங்கள். அவரைத் தேடுவதற்கு முன்னால் வண்டியைத் தயார் செய்யுங்கள், ஏனென்றால் யார் இழுத்தாலும் பழைய டயர் பழைய டயர்தான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் முதுகு வலியால் நான் ஓட்ட முடியாமல் இருந்தபோது ஒரு நண்பர் என் கேரவனை இழுத்துப் போனார். டயரின் பட்டன் (தரையைத் தொடும் மேடுபள்ளம்) புதிது போல இருந்தது, அதைத் தடவிப் பார்த்துத் திருப்திப்பட்டு அனுப்பிவைத்தேன். அறுபது கிலோமீட்டர் தாண்டியதும் இடது டயர் வெடித்து, கிழிந்த ரப்பர் சக்கர வளைவுக்கு மேலே இருந்த தரைப் பலகையைப் பிளந்துவிட்டது. நண்பருக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டி திரும்பி வந்தபிறகு மற்ற டயரின் பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன்: தலைமுடி போல மெல்லிய வெடிப்புகள் வரிசையாக வாய் திறந்தன. அந்தச் சுவரிலேயே நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். என்னுடையதற்குப் பதினோரு வயது. கேரவன் டயர் தேய்ந்து போவதைவிட நின்றே கெட்டுப்போவது அதிகம், அதனால் ஐந்து முதல் ஏழு வருடத்துக்குள் மாற்றிவிடச் சொல்வார்கள். உங்கள் டயரில் அந்த எண்ணை இன்றே போய்ப் பாருங்கள்.

ஹேண்ட் பிரேக் போட்டபடி இரண்டு வருடம் நின்றிருந்தால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. மெக்கானிக் ஒருவரை அந்த இடத்துக்கே வரவழைத்து பிரேக், வீல் பேரிங், கப்ளிங் (இழுக்கும் வண்டியோடு கேரவனைப் பூட்டும் பகுதி), விளக்குகள் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் நட்டுகளை முதல் ஐம்பது கிலோமீட்டரில் மறுபடி முடுக்க வேண்டும் என்பதை இழுப்பவரிடமும் சொல்லிவிடுங்கள். டயரைப் பார்த்துவிட்டு மெக்கானிக் 'ஓடாது' என்று தலையை ஆட்டினால், கேரவனைத் தரையில் ஓடவிடாமல் லாரி மேல் ஏற்றிக் கொண்டுபோகும் வழியும் இருக்கிறது, ஆனால் கூலி கூடும், லாரி மேல் ஏறியபின் மொத்த உயரம் மூன்றரை மீட்டரைத் தாண்டிவிடும் என்பதால் வழியில் உள்ள பாலங்களையும் பார்த்துத்தான் போக வேண்டும்.

அப்புறம், இழுக்கும் வண்டியும் கேரவனும் ஒத்துப்போக வேண்டும். கதவுக்குப் பக்கத்திலோ முன் பெட்டிக்குள்ளோ ஒரு தகடு இருக்கும், அதில் சாமான்களோடு சேர்த்து அதிகபட்சம் எத்தனை கிலோ என்று போட்டிருக்கும். அந்தத் தகட்டைப் போட்டோ எடுத்துக் கூலிக்காரருக்கு அனுப்புங்கள். இழுக்கும் வண்டியின் பின்னால் கேரவனை மாட்டும் கொக்கி உருண்டை பல நாடுகளில் 50 மில்லிமீட்டர், வட அமெரிக்காவில் பெரும்பாலும் இரண்டு அங்குலம், இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று மாற்றி மாட்டக் கூடாது. விளக்கு பிளக்கில் 7 முள், 13 முள் என்று வகைகள் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியம் பிரேக். சில கேரவன்களில் முன்னால் போகும் வண்டி வேகம் குறைக்கும்போது பின்னாலிருந்து தள்ளும் அழுத்தத்தில் பிரேக் தானாகப் பிடிக்கும், வேறு சிலவற்றில் மின்சார பிரேக், அதற்கு இழுக்கும் வண்டிக்குள் தனியாக ஒரு கன்ட்ரோலர் வேண்டும். உங்களுடையது மின்சார பிரேக்காக இருந்து கொழுந்தன் வண்டியில் அது இல்லாவிட்டால், கொக்கி அழகாக மாட்டும், விளக்கும் எரியும், கேரவனுக்கு மட்டும் பிரேக்கே இருக்காது. நல்ல மனம் மட்டும் போதாது என்று நான் சொன்னது இதனால்தான்.

இன்சூரன்ஸைப் போனில் கேட்டு விட்டுவிடாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். உங்கள் கம்பெனியிடம் "வேறொருவர் கூலிக்கு இழுத்துப் போகும்போது என் கேரவன் சேதமானால், திருடுபோனால் நீங்கள் பொறுப்பா?" என்று இப்படியே கேளுங்கள். கூலிக்காரரிடம், பிறர் கேரவனை வாடகைக்கு இழுப்பதற்கான இன்சூரன்ஸ் தாளைக் கேளுங்கள், அதில் உள்ள பெயரும் வண்டி எண்ணும் வரப்போகிறவருடையதுதானா என்று பாருங்கள். உறவுக்காரருக்கு டீசல் காசு கொடுப்பது வேறு, கூலி என்று கொடுப்பது வேறு, கூலியாகிவிட்டால் அவருடைய சொந்த உபயோக இன்சூரன்ஸ் செல்லாமல் போகலாம். எந்த எடைக்கு எந்த லைசென்ஸ் என்பதும் நாட்டுக்கு நாடு மாறும், அதையும் கேட்டுவிடுங்கள். நியாயமான தொழில்காரர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். பணம் கொஞ்சம் முன்பணமாக, மீதி வண்டி போய் நின்றபிறகு.

எடுத்துப் போகிற அன்று நீங்களே அங்கே இருங்கள். அவர் கொக்கி மாட்டுவதற்கு முன் வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்து வீடியோ எடுங்கள், கூரை ஓரம், ஜன்னல் விளிம்பு, ஏற்கனவே உள்ள கீறல்கள் எல்லாம் தெரியட்டும். கேஸ் சிலிண்டர் வால்வு மூடியிருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்யுங்கள், நூறு லிட்டர் என்றால் நூறு கிலோ. கூரை ஜன்னல் பூட்டியிருக்க வேண்டும், நான்கு மூலைக் கால்களும் மேலே ஏறியிருக்க வேண்டும், கேரவனின் முன்முனையைத் தாங்கும் சின்னச் சக்கரத்தைத் தூக்கி இறுக்கியிருக்க வேண்டும். இதையெல்லாம் அவர் செய்வார், செய்கிறாரா என்று நீங்கள் பாருங்கள். அவசரமாக மாட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தால் நிறுத்திவிட உங்களுக்கு உரிமை இருக்கிறது.

முகாமில் வண்டியை உள்ளே ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவதும் கூலியில் சேருமா என்று முன்பே பேசிவிடுங்கள், வாசலில் விட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. கொழுந்தனை அங்கே வரச் சொல்லுங்கள். கேட் அகலம், மரக்கிளை, தரையின் சரிவு எல்லாவற்றையும் பார்த்து, பின்னால் நின்று கை காட்ட ஒரு வீட்டு ஆள் கட்டாயம் தேவை. இழுக்க வேண்டாம் என்று சொன்ன வருத்தமும் அவருக்கு இருக்காது.

கடைசியாக அந்தப் பின்பக்க அலமாரி. நீங்கள் போகிற போக்கில் எழுதியது, ஆனால் கடிதத்திலேயே எனக்கு அதிகம் கவலை தந்த வரி அதுதான். கேரவனின் வால் பக்கம் கனமானால் முன் கொக்கியில் அழுந்தும் எடை குறையும், அந்த எடை போதாவிட்டால் வேகத்தில் வண்டி இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும், ஒரு அளவுக்கு மேல் ஆடினால் இழுக்கும் வண்டியையும் சேர்த்துச் சாய்த்துவிடும். ஐரோப்பியக் கேரவன்களில் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம், வட அமெரிக்க வகைகளில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் அழுந்த வேண்டும் என்று கணக்கு. இரும்பு நிறைந்த டூல்பாக்ஸும் ஒரு அலமாரி புத்தகமும் கடைக்கோடியில் இருந்தால் அந்தக் கணக்கே மாறிவிடும். அச்சுக்கு மேலே தரையில் வைத்துக் கட்டலாம்தான், ஆனால் உங்களுக்காகச் சொல்கிறேன், அவற்றைக் கேரவனில் அனுப்ப வேண்டாம். மகளை ஒரு நாள் முன்னதாக வரச் சொல்லுங்கள். அலமாரியைத் திறந்து, எது எங்கே இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, இரண்டு பேருமாக எடுத்து அவள் காரில் வையுங்கள். அங்கே போய் அதே இடத்தில் நீங்களே அடுக்கிக்கொள்ளலாம்.