மோட்டார் சைக்கிள் கேள்வி – பதில்: விபத்துக்குப் பின் எதைச் சீர்செய்வது, எதை மாற்றுவது?

கேள்வி: தை அறுவடையின்போது சாலையில் காயவைத்திருந்த நெல்லில் சறுக்கி, எனது 125 சிசி மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் வாய்க்கால் மதகின் கட்டைச்சுவரில் மோதிவிட்டது. எனக்குப் பெரிய காயம் இல்லை. ஊர் மெக்கானிக், ஃபோர்க்கை (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய்) பெண்ட் எடுத்துவிடலாம், அலாய் வீலையும் சூடுகாட்டி நிமிர்த்திவிடலாம் என்கிறார். நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்திலோ முழு ஃபோர்க், டி (ஃபோர்க் குழாய்களைச் சேர்த்துப் பிடிக்கும் இணைப்பு), சக்கரம், முன்பக்கத்துப் பிளாஸ்டிக் பாகங்கள் என எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர் ஒருவர், மன்னார்குடி

பதில்: இருவர் சொல்வதையும் அப்படியே கேட்க வேண்டியதில்லை. சர்வீஸ் நிலையம் மாற்றச் சொல்லும் பிளாஸ்டிக் மூடிகளை ஒட்டியும் வெல்டு வைத்தும் பல ஆண்டுகள் ஓட்டலாம். மெக்கானிக் நிமிர்த்தலாம் என்று சொல்லும் அலாய் வீலையோ நிமிர்த்தவே கூடாது. அது அச்சில் வார்த்த அலுமினியக் கலவை என்பதால், எஃகைப் போல வளைந்து கொடுக்காமல் விரிசல் விடும் இயல்புடையது. சூடுகாட்டி அடிக்கும்போது விளிம்பு வட்டத்துக்கு வந்துவிட்டதுபோலத் தோன்றினாலும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே தங்கி, பிறகு ஏதோ ஒரு பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் உடையக்கூடும். ஸ்போக்ஸ் சக்கரமாக இருந்திருந்தால் பழைய ஹப்பை (சக்கரத்தின் நடுக்குடம்) வைத்துக்கொண்டு புது ரிம் கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லியிருப்பேன்.

ஃபோர்க் விஷயத்தில் இரண்டு மதிப்பீடுகளுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. மோதலில் பெரும்பாலும் வளைவது, கீழ் டி பிடித்திருக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே உள்ள உள்குழாய்தான். அந்தக் குழாயின் மேல் கடினமான குரோம் பூச்சு இருக்கும். லேத் பட்டறையில் பிரஸ் வைத்து நேராக்கும்போது குழாய் நேராகிவிடலாம். ஆனால் வளைந்து நிமிர்ந்த இடத்தில் குரோம் வெடித்து, அங்கே துரு ஏறி, ஆயில் சீலைக் கிழித்துவிடும். கசியும் எண்ணெய் வழிந்து டிஸ்க்கிலும் பிரேக் பேடிலும் படிந்தால் முன்பிரேக் பிடிக்காது. மேலும், ஒருமுறை மடிந்த எஃகுக் குழாய் அந்த இடத்தில் பழைய வலுவுடன் இருக்காது என்பதால், வளைந்த குழாயை நேராக்க வேண்டாம் என்றே சில நிறுவனங்களின் சர்வீஸ் கையேடுகள் எச்சரிக்கின்றன. ஆகவே உள்குழாய்கள் இரண்டையும் ஆயில் சீலையும் எண்ணெயையும் மாற்றிவிடுங்கள். வெளிக்குழாயில் கீறலோ விரிசலோ இல்லையென்றால் அதையே பயன்படுத்தலாம். பல வண்டிகளுக்கு உள்குழாய் தனி உதிரிபாகமாகக் கிடைப்பதால், முழு ஃபோர்க்கும் வாங்கத் தேவையில்லை. டி வளைந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங்கான கோன் செட்டையும் அதோடு சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. அதன் விலையை நினைத்துத் தயங்க வேண்டாம்.

இவற்றையெல்லாம் வாங்குவதற்கு முன், சேஸ் நேராக இருக்கிறதா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஹேண்டில் திரும்பும் இடமான கழுத்துப் பகுதியின் வெல்டு ஓரங்களில் பெயிண்ட் பிளந்து கோடு விட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, ஹேண்டிலை நேராக வைத்து, கொத்தனார் நூல் பிடிப்பதுபோலப் பின்டயரின் இரு பக்கமும் நூலை ஒட்டி முன்னே இழுத்துப் பிடித்தால், முன்டயர் இரண்டு நூலுக்கும் நடுவில் சம இடைவெளியில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் சேஸும் வளைந்திருக்கலாம்; அது தெளிவாகும் வரை வேலையைத் தொடங்காதீர்கள். பல வண்டிகளில் சேஸ் எண் அந்தக் கழுத்தில்தான் பொறிக்கப்பட்டிருப்பதால், சேஸை மாற்றுவது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியோடு செய்ய வேண்டிய காரியம்.

கேள்வி: 2023இல் வாங்கிய எனது வண்டியின் இன்சூரன்ஸ் தாளில் 2028 வரை என்று இருக்கிறது. விபத்தில் சேதமான பாகங்களுக்குப் பணம் தர முடியாது என்கிறார்கள். இது சரியா?
– வாசகர் ஒருவர், திருத்துறைப்பூண்டி

பதில்: வருத்தத்துக்குரியது, ஆனால் அநேகமாகச் சரிதான். 2018 செப்டம்பர் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. அது உங்கள் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்புக்கானது. உங்கள் வண்டியின் சேதத்துக்கான காப்பீடு பெரும்பாலும் ஓராண்டுக்கே தரப்படுகிறது. அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதை விற்பவர்கள் அழுத்திச் சொல்வதில்லை என்பது என் கருத்து. தாளில் இரண்டு காலங்களும் தனித்தனியே அச்சிடப்பட்டிருக்கும், பாருங்கள்.

சேதக் காப்பீடு நடப்பில் இருந்தாலும் முழுத் தொகை கிடைக்காது. வழக்கமான பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிக்கப்படும்; உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயது இரண்டு முதல் மூன்று ஆண்டுக்குள் என்றால் 15 சதவீதமும், மூன்று முதல் நான்கு ஆண்டுக்குள் என்றால் 25 சதவீதமும் போகும். தேய்மானம் பிடிக்காத கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் கணக்கு மாறும். கோரிக்கை வைத்தால், உரிமை கோராதவருக்கான போனஸ் அடுத்த ஆண்டு இல்லாமல் போகும் என்பதால், ஒரு மட்கார்டுக்கும் இண்டிகேட்டருக்கும் கோருவது பெரும்பாலும் இலாபமில்லை. பெரிய சேதம் என்றால் காப்பீட்டுக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்கும் வரை எதையும் கழற்றாதீர்கள். மாற்றிய பழைய பாகங்களையும் எடைக்குப் போட்டுவிடாமல் கைவசம் வைத்திருங்கள்.

கேள்வி: பெட்ரோல் டேங்க் நசுங்கிவிட்டது. பழைய பாகங்கள் விற்கும் கடையில் வாங்கலாமா?
– வாசகர் ஒருவர், வேதாரண்யம்

பதில்: டேங்க், பக்க மூடிகள், ஹெட்லைட் கூடு போன்றவற்றைத் தாராளமாக வாங்கலாம், டேங்க் என்றால் உட்புறத்தை டார்ச் அடித்துப் பார்த்து, துரு இல்லையென்று தெரிந்த பிறகு காசு கொடுங்கள். ஃபோர்க் குழாய், சக்கரம், ஹேண்டில்பார், பிரேக் பாகங்கள் ஆகியவற்றைப் பழையதாக வாங்காதீர்கள். அவை எந்த வண்டியில், எப்படி அடிபட்டு வந்தன என்று விற்பவருக்கே தெரியாது. உங்கள் டேங்கையே டிங்கரிங் செய்வதானால், பெட்ரோலை வடித்துவிட்டால் மட்டும் போதாது, உள்ளே தங்கும் ஆவி வெல்டிங் பொறியில் வெடிக்கும். முழுமையாகக் கழுவி ஆவியை வெளியேற்றிய பிறகே நெருப்பு அருகில் வரலாம். வேலை முடிந்தவுடன் பிரைமரும் பெயிண்டும் அடித்துவிடுங்கள். உங்கள் ஊர் உப்புக் காற்றில் வெறும் தகடு சில நாள்கூடத் தாங்காது.