தகரப் பெட்டியில் கிடைத்த ஐந்து இலக்க எண்: போர்க்கால முகாம் ஆவணங்களைத் தேடுவது எப்படி?

கேள்வி: என் மகன் கலிபோர்னியாவில் ஜப்பானிய வம்சாவளிப் பெண்ணை மணந்திருக்கிறான். மருமகளின் பாட்டி 1925இல் ஓக்லாந்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது குடும்பத்தோடு முகாமில் இருந்தார் என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பாட்டியின் தந்தை ஜப்பானிய மொழிப் பள்ளியில் ஆசிரியர். 1941 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கிய அன்று இரவே அவரைக் கைதுசெய்து கொண்டுபோனார்களாம். பாட்டி காலமான பிறகு, அவருடைய தகரப் பெட்டியில் ஐந்து இலக்க எண் எழுதிய பழைய அட்டை ஒன்று கிடைத்தது. என் பேரன் குடும்ப வரலாறு எழுத ஆசைப்படுகிறான். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்த அட்டையிலிருந்தே தொடங்குங்கள். 1942 வசந்த காலத்தில் மேற்குக் கடற்கரையின் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஜப்பானிய வம்சாவளியினரை வெளியேற்றும் உத்தரவு ஒட்டப்பட்டதும், குடும்பத்துக்கு ஒருவர் பதிவு நிலையத்துக்குச் சென்று பெயர் கொடுக்க வேண்டியிருந்தது. அங்கே கொடுக்கப்பட்ட குடும்ப எண்ணைத்தான் பெட்டிகளிலும் குழந்தைகளின் மேற்சட்டைகளிலும் அட்டையாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். உங்கள் மருமகளின் பாட்டிக்கு அந்த எண்ணும் அதனோடு ஓர் ஆங்கில எழுத்தும் சேர்ந்து தனி அடையாளமாக இருந்திருக்கும். பெயரை எப்படியெல்லாமோ பிழையாக எழுதிவைத்திருக்கும் கோப்புகளில்கூட இந்த எண் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

தேடத் தொடங்கும் பலர் தவறுவது ஓரிடத்தில்தான்: தந்தையையும் மகளையும் ஒரே பட்டியலில் தேடுகிறார்கள். இருவரையும் அடைத்துவைத்தது ஒரே அரசாங்கம்தான் என்றாலும், அதற்குப் பயன்படுத்திய அதிகாரமும் அலுவலகங்களும் வேறு. தந்தை ஜப்பானில் பிறந்தவர். அமெரிக்கக் குடியுரிமை பெற அன்றைய சட்டம் அவரை அனுமதிக்கவில்லை, அந்தத் தடை 1952இல்தான் நீங்கியது. ஆகவே போர் தொடங்கிய கணத்தில் அவர் ‘பகைநாட்டு அந்நியர்’ ஆகிவிட்டார், 1798ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றைக் காட்டி அவரைப் பிடித்துச்செல்ல முடிந்தது. மகளோ பிறப்பால் அமெரிக்கக் குடிமகள். அவரை அடைத்துவைக்க அப்படிப்பட்ட சட்டம் எதுவும் இல்லாததால்தான், அதிபர் ரூஸ்வெல்ட் 1942 பிப்ரவரி 19 அன்று பிறப்பித்த 9066ஆம் எண் ஆணை பயன்பட்டது. அதன் கீழ் மேற்குக் கடற்கரையிலிருந்து அகற்றப்பட்டு அடைக்கப்பட்ட சுமார் 1,20,000 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் அவரைப் போலக் குடிமக்களே.

மகளின் தடத்தை முதலில் பார்ப்போம். ஓக்லாந்துப் பகுதி மக்களில் பெரும்பாலோர் முதலில் சான் புரூனோவிலுள்ள டான்ஃபோரன் குதிரைப் பந்தயத் திடலுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். குதிரை லாயங்களைச் சுண்ணாம்படித்து அவற்றில் குடும்பங்களைத் தங்கவைத்தார்கள். 1942 செப்டம்பர் முதல் அவர்களை ரயிலில் ஏற்றி யூட்டா மாநிலப் பாலைவனத்திலிருந்த டோபாஸ் முகாமுக்கு அனுப்பினார்கள். இது பொதுவான வழி மட்டுமே. உங்கள் குடும்பம் சென்ற வழியை உறுதிசெய்ய, அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையத் தரவுத்தளத்தில் முகாம்வாசிகளைப் பற்றிய கோப்பைத் திறந்து பெயரைத் தேடுங்கள். இந்த முகாம்களை நடத்திய போர்க்கால இடமாற்ற ஆணையம் நிரப்பிய 26ஆம் எண் படிவங்களிலிருந்து உருவான இந்தக் கோப்பில் பிறந்த ஆண்டு, படிப்பு, தொழில், சமயம், தெரிந்த மொழிகள், முதலில் வைக்கப்பட்ட இடம் எல்லாம் இருக்கின்றன. அடுத்து, ஒவ்வொரு முகாமும் மூடப்பட்டபோது தயாரித்த இறுதிப் பட்டியலைப் பாருங்கள். உள்ளே வந்த நாள், வெளியேறிய நாள், வெளியேறி எங்கே போனார் என்பவை அதில் பதிவாகியிருக்கும். சிகாகோ போன்ற ஊரின் பெயர் அங்கே இருந்தால், கல்லூரிக்கோ வேலைக்கோ விடுப்பு பெற்று முகாம் மூடுமுன்பே வெளியேறிவிட்டார் என்று ஊகிக்கலாம்.

இவற்றைவிட மதிப்புமிக்கது அவருடைய தனிநபர் கோப்பு. இது வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் 210ஆம் எண் ஆவணத் தொகுதியில் இருக்கிறது. முழுப்பெயர், திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர், பிறந்த தேதி, முகாமின் பெயர், குடும்ப எண் ஆகியவற்றோடு இறப்புச் சான்றையும் இணைத்து மருமகளே விண்ணப்பிப்பது நல்லது. பள்ளி மதிப்பெண், மருத்துவக் குறிப்பு, முகாமில் செய்த வேலை (மாதச் சம்பளம் 12, 16 அல்லது 19 டாலர்தான்), விடுப்புக் கேட்டு எழுதிய கடிதம் என்று ஒரு பதின்வயதுப் பெண்ணின் நாட்கள் அந்தக் கோப்பில் கிடைக்கக்கூடும்.

தேடும்போது சொற்களில் கவனம் வேண்டும். அன்றைய அலுவலகங்கள் ‘கைதி’ என்று எழுதவில்லை. ‘எவாக்குவீ’, அதாவது ‘வெளியேற்றப்பட்டவர்’, என்றே எழுதின. முகாமை ‘ரீலொகேஷன் சென்டர்’, அதாவது ‘இடமாற்ற மையம்’, என்றன. வெளியேற்ற உத்தரவுகளிலோ குடிமக்களைக் குடிமக்கள் என்று சொல்ல மனமில்லாமல் ‘நான்-ஏலியன்’, அதாவது ‘அந்நியர் அல்லாதவர்’, என்று குறித்தார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்தச் சொல் பழகவில்லை. இந்தச் சொற்களைத் தேடுவதற்குப் பயன்படுத்துங்கள், பேரனின் கட்டுரையில் அவை அப்படியே ஏறிவிட வேண்டாம். அவனுக்குத் தமிழில் சொல்லும்போதும் ‘அகதி முகாம்’ என்று சொல்லாதீர்கள், அவர்கள் அடைக்கலம் தேடி வந்தவர்கள் அல்லர். கண் சிகிச்சைக்கும் முகாம் என்கிறோம் என்பதால், வெறும் ‘முகாம்’ என்பதும் குழந்தைக்குப் போதாது. தந்தை இருந்ததைத் ‘தடுப்பு முகாம்’ என்றும், மகளுக்கு நேர்ந்ததை ‘விசாரணையின்றிச் சிறைவைத்தது’ என்றும் சொல்வதே சரி.

கோப்பைத் திறக்குமுன் ஒன்றை மருமகளிடம் எடுத்துச் சொல்லுங்கள். 1943 தொடக்கத்தில், 17 வயது நிரம்பிய எல்லோரிடமும் ஒரு கேள்விப் படிவம் கொடுக்கப்பட்டது. பாட்டியும் அதை நிரப்பியிருப்பார். அதன் 27ஆவது கேள்வி, இராணுவத்தில் சேவைசெய்யத் தயாரா என்று கேட்டது. பெண்களிடம் செவிலியர் படையிலோ துணைப்படையிலோ சேர்வீர்களா என்று கேட்டது. 28ஆவது கேள்வி, அமெரிக்காவுக்கு நிபந்தனையற்ற விசுவாசம் தெரிவித்து, ஜப்பானியப் பேரரசர் மீதான விசுவாசத்தைக் கைவிடச் சொன்னது. இல்லாத விசுவாசத்தை எப்படிக் கைவிடுவது என்று பிள்ளைகள் திகைத்தார்கள். அமெரிக்கக் குடியுரிமை மறுக்கப்பட்ட பெற்றோருக்கோ, ‘ஆம்’ என்றால் எந்த நாடும் இல்லாதவர்களாகிவிடும் அச்சம் எழுந்ததால், அவர்களுக்கான வாசகத்தைப் பின்னர் மாற்றினார்கள். தந்தையைச் சிறையில் வைத்திருக்கும்போது மகளிடம் விசுவாசம் கேட்ட படிவம் அது. குடும்பம் பிரிந்துவிடக் கூடாதென்றும், நடந்த அநியாயத்தின் மீதான கோபத்திலும் ‘இல்லை’ என்று எழுதியவர்கள் பலர். அப்படி எழுதியவர்களை ‘விசுவாசமற்றவர்’ எனப் பிரித்து, கலிபோர்னியாவின் டூல் லேக் முகாமுக்கு அனுப்பினார்கள். அந்த முத்திரைக்கு அஞ்சி வாழ்நாள் முழுதும் வாய் திறக்காமல் இருந்துவிட்ட குடும்பங்கள் பல. பாட்டியின் கோப்பில் ‘இல்லை’ என்றிருந்தால், அதைக் குற்ற ஒப்புதலாகப் படிக்காதீர்கள். கேள்வி, பதில், அதன்பின் நடந்த விசாரணைக் குறிப்பு மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். ‘ஆம்’ என்றிருந்தாலும் அதே கவனத்தோடு படிக்க வேண்டும், அதுவும் முள்வேலிக்குள் இருந்துகொண்டு எழுதிய பதில்தான்.

தந்தையின் தடம் சிக்கலானது. மொழிப் பள்ளி ஆசிரியர்கள், பௌத்தக் குருமார்கள், சங்கத் தலைவர்கள் ஆகியோரை எஃப்பிஐ போருக்கு முன்பே பட்டியலிட்டு வைத்திருந்தது. கைதான பின் அவர்களை மொன்டானாவின் ஃபோர்ட் மிசூலா, வடக்கு டகோட்டாவின் ஃபோர்ட் லிங்கன், நியூ மெக்சிகோவின் லார்ட்ஸ்பர்க், சாண்டா ஃபே என்று இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். இவற்றில் சில குடிவரவுத் துறையின் பொறுப்பிலும் சில இராணுவத்தின் பொறுப்பிலும் இருந்ததால், கோப்புகளும் சிதறிக் கிடக்கின்றன: நீதி அமைச்சகத்துக்கு 60, குடிவரவுத் துறைக்கு 85, இராணுவக் காவல் தலைமைக்கு 389 ஆகிய ஆவணத் தொகுதி எண்களைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். அவரை விசாரித்த குழுவின் முன் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதி இருக்கவில்லை. அந்த விசாரணைப் பதிவு கிடைத்தால், அவர் சொன்ன பதில்களை அதில் படிக்க முடியும். பின்னர் அவர் நிபந்தனையின் பேரில் விடுவிக்கப்பட்டு டோபாஸில் குடும்பத்தோடு சேர்ந்திருக்கலாம். அல்லது குடும்பமே டெக்சாஸின் கிறிஸ்டல் சிட்டி முகாமுக்குப் போய் அவரோடு சேர்ந்திருக்கலாம். டோபாஸின் இறுதிப் பட்டியல் இதைத் தெளிவுபடுத்திவிடும்.

இன்னும் சில வழிகள் உண்டு. முகாமில் வெளியான ‘டோபாஸ் டைம்ஸ்’ இதழை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. நிர்வாகத்தின் பார்வைக்கு உட்பட்டு வந்த இதழ் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சியாட்டிலைச் சேர்ந்த டென்ஷோ நிறுவனம் முகாமிலிருந்தவர்களின் நேர்காணல்களை இலவசமாகத் தருகிறது. பாட்டி 1988 ஆகஸ்ட் 10 அன்று உயிரோடு இருந்திருந்தால், அன்று கையெழுத்தான சட்டப்படி 20,000 டாலர் இழப்பீட்டுக்கும் அதிபரின் மன்னிப்புக் கடிதத்துக்கும் உரியவர். 82,219 பேர் அதைப் பெற்றார்கள். கடிதம் வீட்டில் எங்கேனும் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள்.

அந்த அட்டையை லேமினேஷன் செய்துவிடாதீர்கள்; பசை, டேப் எதுவும் அதில் படக் கூடாது. இரு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, அமிலமில்லாத காகித உறையில் வைத்து, வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் வையுங்கள். கயிறு இன்னும் கட்டியிருந்தால் அதை அவிழ்க்க வேண்டாம்.